பல்கலைக்கழக விழாவில் ஒரே ஒரு நாள் மேடை: அதற்குப் பிறகு அந்த நாடகம் எங்கே போகிறது?

உரைகல் (இழையைத் தொடங்கியவர்) · பிப்ரவரி 24, இரவு 11:20

நாடகத்துறையில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். மாணவர்களே எழுதி இயக்கும் புதிய நாடகங்களுக்கு எங்கள் துறையில் ஆண்டுதோறும் ஒரு வார விழா உண்டு. இந்த முறை ஏழு நாடகங்கள். நான்காம் நாள் என்னுடையது, ஐம்பது நிமிடம்.

கதை சிறியது. அடகு வைத்த தாலிச் சங்கிலி மறுநாள் ஏலத்துக்குப் போகிறது. கூட்டுறவு வங்கி மூடும் நேரத்தில் ஒரு தாய் தன் மகளோடு அதை மீட்க வருகிறாள். மேடையில் மூன்று பேர், ஒரு மேசை, ஒரு தராசு, ஓர் உரைகல். நகை மதிப்பீட்டாளர் சங்கிலியைக் கல்லில் உரைக்கும் காட்சிக்கு வசனமே எழுதவில்லை. அந்தச் சரசரப்பு மட்டும் அரங்கம் முழுக்கக் கேட்க வேண்டும், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று நான்கு மாதம் கனவு கண்டேன்.

மூன்றாம் வரிசைக்கு அப்பால் சத்தமே போகவில்லை. மின்விசிறிகள் விழுங்கிவிட்டன. அந்த மனிதர் எதற்காகக் கல்லைத் தேய்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார் என்று புரியாமல் பின்வரிசையில் சிரித்தார்கள். ஆனால் தாய் ரசீதைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பது போல் நிற்க, மகள் ஒன்றும் சொல்லாமல் அதைத் திருப்பிக் கொடுக்கும் ஓர் இடம் உண்டு. அதை நான் சிரிப்புக்காகத்தான் எழுதினேன். அங்கே அரங்கம் அடங்கிவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. என் நாடகம் எதைப் பற்றியது என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஐந்தாவது நாடகத்துக்காக எங்கள் மேசையைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டார்கள். மதிப்பெண்ணுக்காகப் பிரதியை வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான். சீனியர்கள் எழுதிய பழைய நாடகங்களைப் படித்துப் பார்க்கலாம் என்று கேட்டால், அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று துறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எல்லா ஊரிலும் இப்படித்தானா? இன்னொரு நாள் மேடை கிடைத்திருந்தால் எதையெல்லாம் மாற்றியிருக்கலாம் என்று நினைத்து ஐந்து நாளாகத் தூக்கமில்லை.

ஆறாம்வரிசை · பிப்ரவரி 25, காலை 6:05

முப்பது ஆண்டுகளாக மாணவர் நாடகங்களைப் பார்த்து வருகிறேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு நாளே அதிகம்.

திரை விலகும். கறுப்பு உடையில் எட்டுப் பேர் தரையில் படுத்திருப்பார்கள். எங்கிருந்தோ உடுக்கைச் சத்தம். ஒரு கயிறு வரும். அது தூக்குக் கயிறாகும், பிறகு தொப்புள்கொடியாகும், கடைசியில் சாதியாகும். சிவப்பு விளக்கு. எல்லோரும் ஒரே திசையில் கையை நீட்டி உறைந்து நிற்பார்கள். கைதட்டல். இதற்கு இரண்டாம் நாள் எதற்கு?

உங்கள் ரசீதுக் காட்சி அந்த வகை இல்லை என்பது எழுதியதிலிருந்தே தெரிகிறது. ஆனால் விழா என்பது அங்கே தேர்வுதான். தேர்வுத் தாளை யார் இரண்டாம் முறை எழுதுகிறார்கள்?

மட்டுவாவி · பிப்ரவரி 25, காலை 9:40

ஆறாம்வரிசை ஐயா, தேர்வுக்கு எழுதிய நாடகம் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நாடகம் அரங்கேற்றத்தோடு முடிந்துவிடும் என்ற எண்ணம் நம்முடைய மரபில் இல்லாத ஒன்று.

நான் மட்டக்களப்பு. எங்கள் ஊர்க் கூத்தில் சட்டம் கொடுத்தல் முதல் சடங்கு. கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆளைப் பார்த்துப் பாத்திரம் பிரித்து, பாட்டு எழுதிய ஏட்டைக் கையில் கொடுப்பார். மாதக்கணக்கில் பழகுவார்கள். சதங்கை அணிவார்கள். பிறகு அடுக்குப் பார்த்தல், அதாவது முழுக்கூத்தையும் ஒருமுறை ஒழுங்காக ஆடிப் பார்ப்பது. அதன் பிறகு வட்டக்களரியில், அதாவது வட்டமான திறந்தவெளி மேடையில், விடிய விடிய அரங்கேற்றம். இங்கே கவனியுங்கள்: அரங்கேற்றத்துக்குப் பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். அரங்கேற்றத்தில் தடுமாறிய ஆட்டக்காரன் மூன்றாவது வீட்டு முற்றத்தில் நிமிர்ந்துவிடுவான்.

எங்கள் பல்கலைக்கழகங்களிலும் நிலைத்து நின்றவை திரும்பத் திரும்ப ஆடப்பட்டவைதாம். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களை வைத்து 1962இல் 'கர்ணன் போர்', அதன் பிறகு 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். அப்போது மாணவராக இருந்து இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. பல்லாண்டுகளுக்குப் பிறகு அவரே மட்டக்களப்பில் புதிய மாணவர்களைக் கொண்டு அதை மறுபடியும் உருவாக்கினார். கவனிக்க, பழையதை அப்படியே எடுத்து வைக்கவில்லை. எழுத்துருவையே, அதாவது நாடகப் பிரதியையே, மாற்றினார்.

யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' 1985இல் பல்கலைக்கழக மாணவர்களின் அளிக்கையாகத் தொடங்கியது. அதை மண்டபத்துக்குள் பூட்டி வைக்கவில்லை, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். போர்க்காலம். விளக்கு வசதி, மேடை வசதி எல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு மின்விசிறிதான் தடை, தங்கச்சி.

ஆறாம்வரிசை · பிப்ரவரி 25, காலை 10:15

வீட்டுக்கு வீடு ஆடும் வழக்கம் எனக்குப் புதிய செய்தி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஊரே பார்வையாளர். ஊருக்குக் கதை ஏற்கெனவே தெரியும். அடகு வைத்த சங்கிலியைப் பற்றி ஒரு புதிய நாடகத்தை யார் வீட்டு முற்றத்தில் ஆடுவது?

மட்டுவாவி · பிப்ரவரி 25, காலை 10:22

சங்கிலியை அடகு வைக்காத வீடு எது, ஐயா?

மழைநாடு · பிப்ரவரி 25, பிற்பகல் 3:50

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். 'தேர்வுத் தாளை யார் இரண்டாம் முறை எழுதுகிறார்கள்' என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1957. பின்னாளில் பெயர்பெற்ற ஆங்கில நாடக ஆசிரியர் ஹரால்டு பின்டர் அப்போது நாடக ஆசிரியரே இல்லை. டேவிட் பாரன் என்ற மேடைப் பெயரில் ஊர் ஊராகப் போய் வாரத்துக்கு ஒரு நாடகம் நடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த நடிகர். அவருடைய பால்ய நண்பர் ஹென்றி உல்ஃப் பிரிஸ்டல் பல்கலைக்கழக நாடகத்துறையில் படித்துக்கொண்டிருந்தார். பிரிட்டனில் பல்கலைக்கழக நாடகத்துறை என்று முதலில் தொடங்கப்பட்டது அதுதான், 1947இல். துறைக்கு ஒரு புதிய நாடகம் வேண்டும் என்று உல்ஃப் கேட்க, பின்டர் சில நாட்களில் எழுதிக் கொடுத்தது 'தி ரூம்'. அதுவே அவருடைய முதல் நாடகம். மே மாதம் மாணவர்கள் அதை மேடையேற்றினார்கள். மேடை என்றால் பெரிய அரங்கம் என்று நினைக்காதீர்கள். ஸ்குவாஷ் ஆடும் கூடம் ஒன்றை மாற்றி அமைத்த இடம்.

அத்தோடு முடிந்திருந்தால் அந்தப் பிரதியும் உங்கள் அலமாரியில் உள்ளவற்றைப் போலத் தூங்கியிருக்கும். ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள் அதே ஊரின் நாடகப் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் அதை வேறோர் இயக்குநரின் கையில் மறுபடியும் தயாரித்தார்கள். அந்த இரண்டாவது தயாரிப்புதான் சண்டே டைம்ஸ் பத்திரிகை நடத்திவந்த மாணவர் நாடக விழாவுக்குப் போனது. அங்கே அந்தப் பத்திரிகையின் விமர்சகர் ஹரால்டு ஹாப்சன் பார்த்தார், பாராட்டி எழுதினார். அதைப் படித்த தயாரிப்பாளர் மைக்கேல் காட்ரன் முழுநீள நாடகம் ஏதாவது இருக்கிறதா என்று பின்டரைக் கேட்டார். அப்படி மேடையேறியதுதான் 'தி பர்த்டே பார்ட்டி'.

அந்த விழா 1956இல் தொடங்கியது. தேசிய மாணவர் நாடக விழா என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. ஒரு மாணவர் தயாரிப்பு ஊரில் ஒருமுறை ஆடப்பட்ட பிறகு, வேறு ஊர்க்காரர் முன்னால் மறுபடியும் நிற்கிறது. நான் ஒருமுறை போயிருக்கிறேன். நாடகங்களைவிட மறுநாள் காலை நடக்கும் கலந்துரையாடல்தான் எனக்குப் பிடித்தது. முந்தைய இரவு கைதட்டியவர்களே அங்கே வந்து உரித்துவிடுவார்கள்.

ஆறாம்வரிசை · பிப்ரவரி 25, மாலை 5:30

கதையின் மறுபாதியையும் சொல்லிவிடுங்கள். அந்த 'பர்த்டே பார்ட்டி' 1958 மே மாதம் லண்டனில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. விமர்சகர்கள் கிழித்தார்கள். ஹாப்சன் மட்டும் புகழ்ந்து எழுதினார். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. புகழுரை அச்சாகி வந்தபோது நாடகத்தை எடுத்துவிட்டிருந்தார்கள்.

மழைநாடு · பிப்ரவரி 25, மாலை 5:48

ஆமாம். அதனால்தான் சொல்கிறேன். ஆறு நாளில் எடுக்கப்பட்ட அந்த நாடகத்தை இன்று உலகமெங்கும் ஆடுகிறார்கள் என்றால், யாரோ அதை மறுபடியும் எடுத்தார்கள் என்பதுதானே காரணம்?

லைட்டுக்காரர் · பிப்ரவரி 25, இரவு 9:10

பெரிய ஆட்கள் பேசும் இடத்தில் நான் தொழில் விஷயம் மட்டும் சொல்கிறேன். கல்லூரி, பல்கலைக்கழக நாடகங்களுக்கு விளக்கு வாடகைக்குக் கொடுப்பது என் வேலை.

ஒரு நாள் நிகழ்ச்சிக்கு வரும் பில்லில் வண்டிச் செலவும், ஏற்றி இறக்கும் கூலியும், கம்பியில் விளக்குகளைக் கட்டி ஒளியைச் சரிபார்க்கும் நேரமும்தான் பெரிய தொகை. விளக்கு அங்கேயே கட்டியபடி இன்னோர் இரவு இருந்தால் கூடுதல் செலவு மிகக் குறைவு. எனக்கும் அதுதான் லாபம், அலைச்சல் இல்லை. ஆனால் ஏழு நாளில் ஏழு நாடகம் என்றால் ஒவ்வொரு இயக்குநருக்கும் வேறு வேறு அமைப்பு வேண்டும். தினமும் ஏணியில் ஏறிக் கழற்றி மாட்டுகிறோம். நாலாவது நாள் விளக்குக்கு நிறம் தரும் ஜெலட்டின் தாள் கிழிந்திருக்கும், மாற்றக் காசு இருக்காது. ஐந்தாவது நாள் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஒன்று சூடேறி நின்றுவிடும். கடைசி நாள் நாடகம் போடும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பொது அமைப்பு ஒன்றை முதல் நாளே கட்டிவிட்டு, எல்லோரும் அதற்குள்ளேயே வேலை செய்வது என்று முடிவு செய்தால் பாதிச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தில் இரண்டாம் சுற்று ஆடலாம். பல துறைகளில் சொல்லிப் பார்த்தேன். 'என் நாடகத்துக்கு நீலம் வேண்டும்' என்று முதலில் எதிர்ப்பவர்கள் மாணவர்கள்தாம்.

உரைகல், உங்கள் கல் சத்தத்துக்கு வழி சுலபம். மேசைக்கு அடியில் ஒரு சிறிய மைக்கை ஒட்டியிருக்கலாம். இல்லையென்றால் அந்தக் காட்சிக்கு மட்டும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அரங்கத்தில் மின்விசிறி நின்றால் சனம் தானாகவே நிமிர்ந்து உட்காரும்.

உரைகல் · பிப்ரவரி 25, இரவு 9:31

மின்விசிறியை நிறுத்துவது!! நான்கு மாதத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை அண்ணா.

பனிப்பூ · பிப்ரவரி 26, காலை 7:15

லைட்டுக்காரர் சொல்லும் இரண்டாம் சுற்றுக்கு ஒரு நடப்பு உதாரணம் உண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளியில் இறுதியாண்டு நாடக ஆசிரியர்களின் புதிய நாடகங்களுக்கென்றே கார்லாட்டா விழா நடத்துகிறார்கள். மூன்று நாடகங்கள். ஒன்றை ஆடி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. மூன்றும் மாறி மாறி வரும். இன்று உங்களுடையது, நாளை இன்னொருவருடையது, பிறகு மறுபடியும் உங்களுடையது. இடையில் கிடைக்கும் நாளில் எழுதியவர் உட்கார்ந்து வெட்டலாம், ஒட்டலாம்.

கார்லாட்டா யார் என்பது சுவையான கதை. அமெரிக்க நாடக ஆசிரியர் யூஜின் ஓ'நீலின் மனைவி. தன் குடும்பத்தின் ரணங்களையெல்லாம் கொட்டி ஓ'நீல் எழுதிய 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தை, தான் இறந்து 25 ஆண்டுகள் கழியும்வரை வெளியிடக் கூடாது என்று முத்திரையிட்டுப் பதிப்பகத்தில் கொடுத்து வைத்திருந்தார். 1953இல் இறந்தார். மூன்றே ஆண்டில், 1956இல், கார்லாட்டா அதை யேல் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். வருமானத்தில் ஒரு பகுதி அங்கே நாடகம் எழுதப் படிக்கும் மாணவர்களின் உதவித்தொகைக்குப் போனது.

கணவர் சொல்லை மீறியது சரியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். என் கட்சி கார்லாட்டாவின் கட்சி. பூட்டிய அலமாரியைத் திறந்த பெண்ணின் பெயரில் புதிய நாடகங்களுக்கு விழா நடப்பது பொருத்தம்தான்.

வருகைப்பதிவேடு · பிப்ரவரி 26, பகல் 12:40

நான் ஒரு நாடகத்துறையில் ஆசிரியர். உரைகல்லின் துறை இல்லை, ஆனால் எல்லாத் துறைகளின் கதையும் ஒன்றுதான். இந்த இழையில் எங்கள் பக்கமும் கொஞ்சம் கேட்கட்டும்.

மூன்று நாடகம் என்றால் மாறி மாறிப் போடலாம். என் வகுப்பில் ஒன்பது பேர். மூன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற ஆறு பேரிடம் என்ன சொல்வேன்? இயக்கிக் காட்டுவது பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதற்கு மதிப்பெண் இருக்கிறது. அரங்கம் ஒன்றே ஒன்று. இரவு எட்டு மணிக்குக் காவலர் விசிலடித்துக்கொண்டு பூட்ட வந்துவிடுவார். இசைத்துறைக்கும் அதே அரங்கம், பட்டமளிப்பு ஒத்திகைக்கும் அதே அரங்கம்.

பார்வையாளர் விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் நாள் வருவது விடுதி மாணவர்களும் நடிப்பவர்களின் நண்பர்களும். இரண்டாம் நாள் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். பதினொரு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் முந்தைய நாள் விட்டுச்சென்ற குடையைத் தேடி வந்தவர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் அலமாரிச் சாவிக்கு என்னிடம் சமாதானம் இல்லை. அது வெட்கக்கேடு.

தொலைந்தபிரதி · பிப்ரவரி 26, பிற்பகல் 2:05

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் நாடகமும் இப்படி ஒரு விழாவில் ஒரு மாலை ஆடப்பட்டது. கைப்பிரதி துறையில். தட்டச்சு செய்தது பழைய கைப்பேசியில். அது தண்ணீரில் விழுந்தது. இப்போது என்னிடம் இருப்பது ஒரு புகைப்படம் மட்டும். அதில் நடிகையின் முதுகுதான் தெரிகிறது. அவள் அப்போது என்ன வசனம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைவில்லை.

மட்டுவாவி · பிப்ரவரி 26, மாலை 4:20

தொலைந்தபிரதி எழுதியதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை.

எங்களுக்கு நூலகம் இணையத்தளம் ஒரு பெரும் கொடை. ஈழத்து நாடக எழுத்துரு நூல்கள் பல அங்கே இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. இன்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சண்முகலிங்கத்தின் நாடகத்தை எடுத்து ஆடலாம். எரித்த யாழ்ப்பாண நூலகத்தின் நினைவு எங்களுக்கு இருப்பதால் இந்த அக்கறை கூடுதல் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் மாணவர் நாடகங்களுக்கு அப்படி ஓர் இடம் உண்டா?

ஆறாம்வரிசை · பிப்ரவரி 26, மாலை 6:00

மாணவர் நாடகங்களுக்கென்று நான் பார்த்ததில்லை. 1990களில் வெளி ரங்கராஜன் 'நாடக வெளி' என்ற இதழ் நடத்தினார். புதிய பிரதிகள், விமர்சனம் எல்லாம் வந்தன. என் தலைமுறைக்கு அது கண் திறப்பு. காந்திகிராமத்தில் 1977இல் பேராசிரியர் சே. இராமானுஜம் நடத்திய பட்டறைக்குப் போய் வந்தவர்கள் அதன் பிறகு எத்தனை ஊரில் குழு அமைத்தார்கள், யாரெல்லாம் உருவானார்கள் என்பதையெல்லாம் நான் அந்த மாதிரிச் சிற்றிதழ்களில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போதெல்லாம் அச்சில் வந்த நாடகங்களை யாராவது மேடையேற்ற மாட்டார்களா என்று ஏங்குவோம். இப்போது மேடையேறியதை அச்சில் பார்க்க வழியில்லை.

சரி, முதலில் கடுமையாக எழுதியவன் நான்தான். அதனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டு மாடியில் நாற்பது பேர் உட்காரலாம். கீற்றுக் கொட்டகை உண்டு. மின்விசிறி கிடையாது. உரைகல் விரும்பினால் தனிமடல் அனுப்பலாம்.

வருகைப்பதிவேடு · பிப்ரவரி 26, மாலை 6:45

ஐயா, கறுப்பு உடையும் கயிறும் கொண்டு வந்தாலும் மாடி கிடைக்குமா? என் மாணவர்களுக்காகக் கேட்கிறேன்.

ஆறாம்வரிசை · பிப்ரவரி 26, மாலை 6:52

கயிறு துணி காயப்போட இருக்கிறது. அதைத் தொடாமல் ஆடட்டும்.

உரைகல் · மார்ச் 29, இரவு 10:15

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பருவத்தேர்வு. தாயாக நடித்தவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவளுக்குப் பதில் நானே நடிக்க வேண்டியதாயிற்று.

நேற்று முன்தினம், உலக நாடக தினத்தன்று, ஆறாம்வரிசை ஐயா வீட்டு மாடியில் ஆடினோம். முப்பத்தொரு பேர். பாதிப்பேர் அந்தத் தெருக்காரர்கள். நாடகம் என்று சொன்னதும் கோயில் திருவிழா நாடகம் என்று நினைத்துப் பாயோடு வந்துவிட்டார்கள். விளக்கு இரண்டே இரண்டு, லைட்டுக்காரர் அண்ணா பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

பிரதியில் நிறைய வெட்டினேன். மகளுக்கு ஒரு பக்க வசனம் இருந்தது, வறுமையைப் பற்றி. அது முழுக்கப் போயிற்று. ரசீதைத் திருப்பும் இடத்துக்குப் பிறகு அவள் அதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தது.

கல் சத்தம் கேட்டது. கொட்டகையில் அத்தனை அமைதி. ஆனால் நான் நினைத்த மாதிரி யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. முன்னால் பாயில் இருந்த ஒரு பாட்டி, மதிப்பீட்டாளராக நடித்த பையனிடம், 'அழுத்தித் தேய்க்காதே தம்பி, பொன் குறையும்' என்று உரக்கச் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் வேடத்திலிருந்து வெளியே வராமல் நிமிர்ந்து பார்த்து, 'சரிம்மா' என்று சொல்லிவிட்டு மெதுவாகத் தேய்த்தான். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம் முதலில் தாயாக நடித்தவளின் ஊரில், அவர்கள் வீட்டு முற்றத்தில் ஆடப்போகிறோம். அந்தப் பாட்டியின் வசனத்தைப் பிரதியில் சேர்ப்பதா, அல்லது ஒவ்வோர் ஊரிலும் யாராவது சொல்லட்டும் என்று விட்டுவிடுவதா?

லைட்டுக்காரர் · மார்ச் 29, இரவு 10:40

சேர்க்காதீர்கள். ஆனால் அந்த இடத்தில் பாய்மேல் கொஞ்சம் வெளிச்சம் விழும்படி விளக்கைத் திருப்பி வைக்கிறேன். எந்த ஊர், எத்தனை மணி பேருந்து என்று மட்டும் சொல்லுங்கள்.